“பொய் சொல்லலாம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே?” – வாய்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் பதினோரு ஆண்டுகளாக ஞாயிறு காலையில் குறள் வகுப்பு எடுத்துவருகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இப்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்கள், பணி ஓய்வு பெற்றவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள் என்று எல்லாரும் உட்காருகிறார்கள். 133 அதிகாரங்களில் வேறு எதற்கும் வராத அளவு கேள்விகள் 30ஆம் அதிகாரத்துக்கு வருகின்றன. அது ‘வாய்மை’. ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, என்னால் முடிந்த பதிலைக் கீழே தருகிறேன்.

உண்மை, வாய்மை, மெய்ம்மை மூணும் ஒண்ணுதானே டீச்சர்?

பேச்சு வழக்கில் ஒன்றுதான். உள்ளத்தில் இருந்தால் உண்மை, வாயில் வந்தால் வாய்மை, மெய்யாகிய உடம்பால் நடந்து காட்டினால் மெய்ம்மை என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். நினைவில் வைத்துக்கொள்ள நல்ல வழி அது. சொல்லின் வேரைப் பார்த்தால் ‘உண்மை’ என்பது ‘உள்’ என்பதிலிருந்து வருவது. உள்ளது, இருப்பது என்று பொருள்.

இந்த அதிகாரத்துக்கு ஒரு வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். உண்மை என்பது நடந்த செய்தியைப் பற்றியது. வாய்மை என்பது பேசுகிற ஆளைப் பற்றியது. அதனால்தான் முதல் குறளிலேயே வள்ளுவர் (291) “வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்” என்கிறார். ‘நடந்ததை நடந்தபடி சொல்லுதல்’ என்று அவர் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத பேச்சு என்று எழுதினார். பின்னால் வரும் பாதிக் கேள்விகள் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறவைதாம்.

அப்ப நல்லதுக்காகப் பொய் சொல்லலாம்னு வள்ளுவரே சொல்லிட்டாரா இல்லையா?

சொல்லியிருக்கிறார். 292ஆம் குறள்: “பொய்மையும் வாய்மை இடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.” குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது.

ஆனால் இந்தக் குறளைச் சொல்லும்போது எல்லாரும் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறார்கள். ‘நன்மை பயக்கும்’ என்பது நினைவில் நிற்கிறது; ‘புரைதீர்ந்த’ என்பது காணாமல் போகிறது. 13ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பரிமேலழகர் அந்தச் சொல்லை விடவில்லை. கேடோ சாவோ நெருங்கி நிற்கும் ஓர் உயிர், அந்தப் பொய்யால் அதிலிருந்து தப்பி இன்புறுவதைத்தான் அவர் ‘புரைதீர்ந்த நன்மை’ என்று விளக்குகிறார். உயிர் போகிற இடத்துக்குத் திறந்த வாசல் அது. லீவு லெட்டருக்கும் வாடகை பாக்கிக்கும் திறந்ததன்று.

வகுப்பில் இந்தக் குறளை மேற்கோள் காட்டுபவர்களில் பெரும்பாலானோர் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே காட்டுகிறார்கள். வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ‘புரைதீர்ந்த’ங்கிறதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘புரை’ நமக்குத் தெரியாத சொல் இல்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்கிறோம். ஆறாத புண்ணைப் புரையோடிப் போச்சு என்கிறோம். மேலே மூடியிருக்கும், உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். பொய்யிலும் அப்படித்தான். வெளியே ‘உன் நல்லதுக்காக’ என்று இருக்கும், உள்ளே ‘எனக்குச் சங்கடம் வேண்டாம்’ என்று ஓடிக்கொண்டிருக்கும்.

நான் பிள்ளைகளிடம் சொல்வது இது. யாருக்காகப் பொய் சொன்னாயோ, அவருக்கு நாளைக்கு அது தெரிந்துவிட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார். ‘நல்ல வேளை, அப்படிச் சொன்னாய்’ என்பாரா, ‘என்னிடம் ஏன் மறைத்தாய்’ என்பாரா? இரண்டாவதுதான் வரும் என்று உனக்கே தோன்றினால் அதில் புரை இருக்கிறது. அடுத்த குறளான 293 இதற்குத் துணைக்கு வரும்: “தன்நெஞ்சு அறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்.” சின்ன வயதில் உலகநீதியில் படித்ததும் இதேதான்: “நெஞ்சாரப் பொய்தன்னைச் சொல்ல வேண்டாம்.” நெஞ்சு அறிந்தே சொல்கிற பொய்தான் கணக்கு. தெரியாமல் தவறாகச் சொன்னது பிழை, பொய் ஆகாது.

வாய்மை துறவறவியல்ல இருக்கு. அது சாமியாருக்குச் சொன்னது, குடும்பஸ்தனுக்கு எதுக்கு?

நன்றாகப் படித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. வாய்மை துறவறவியலில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய அதிகாரம் கள்ளாமை, பிந்தையது வெகுளாமை, இன்னும் இரண்டு தள்ளி கொல்லாமை. துறவிக்கு மட்டும் என்று வைத்தால் குடும்பஸ்தன் திருடலாம், கொலையும் செய்யலாம் என்றாகிவிடும்.

இல்லறவியலிலும் பேச்சைப் பற்றி இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்று மூன்று அதிகாரங்கள் இருக்கின்றன. தவத்தோடு தானமும் செய்பவரைவிட மனமறிய வாய்மை பேசுபவர் மேல் என்கிறது 295. தானம் செய்ய வீடும் வருமானமும் உள்ளவன்தானே வேண்டும்?

உண்மையே பேசினா அரிச்சந்திரன் மாதிரி சுடுகாட்டுலதான் நிக்கணும்!

மதுரைப் பக்கம் சாவு ஊர்வலம் மயானத்துக்குள் நுழையுமுன் அரிச்சந்திரன் கோயிலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பேச்சாகவே பழகிவிட்டது. அந்தக் கதையில் அரிச்சந்திரன் காத்தது கொடுத்த வாக்கை. நாட்டையும் மனைவி மக்களையும் விலையாகக் கொடுத்தான். நம்மிடம் யாரும் நாட்டைக் கேட்பதில்லை. ‘நான்தான் உடைத்தேன்’ என்று சொல்லத் திட்டு வாங்கணும். ‘இன்னும் கிளம்பவில்லை’ என்று சொல்ல அரை நிமிடக் கூச்சம் பட வேண்டும். விலை இவ்வளவுதான், அதுவே பெரிதாகத் தெரிகிறது.

காந்தி சிறுவனாக அரிச்சந்திர நாடகம் பார்த்து, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக்கூடாது என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதே கதையைப் பார்த்துவிட்டு நாம் சுடுகாட்டை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்களே?

‘ஆயிரம் முறை போய்ச் சொல்லி’ என்பதுதான் ‘ஆயிரம் பொய் சொல்லி’ ஆகிவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மக்கள் அப்படிப் புரிந்துகொண்டு அதைச் சொல்வதில்லை. பொய் என்று புரிந்துகொண்டுதான் சொல்கிறார்கள். அதனால் அந்த விளக்கத்தைக் காட்டித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

‘பையன் தங்கம்’, ‘பொண்ணு அதிர்ந்து பேசமாட்டா’ என்று தரகர் சொல்வதை யாரும் முழுசாக நம்புவதில்லை. அது வாழ்த்துக்குப் பக்கத்தில் வருகிற பேச்சு. இல்லாத வேலையை இருக்கிறது என்பதும், நடந்த முதல் திருமணத்தை மறைப்பதும், தொடர்ந்து மருந்து சாப்பிடும் நோயை மறைப்பதும் வேறு வகை. இங்கே ஒருவருடைய ஒரே வாழ்க்கை அந்தச் சொல்லை நம்பி முடிவாகிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில், முக்கியமான செய்தியில் ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம் என்கிறது. ஏமாற்றப்பட்டது தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். பழமொழி நீதிமன்றத்தில் நிற்காது.

என் வகுப்புக்கு வந்த ஒரு பெண், மாப்பிள்ளை வீட்டில் முதல் சந்திப்பிலேயே தனக்கு வலிப்பு இருந்ததையும் இப்போது மாத்திரையில் கட்டுக்குள் இருப்பதையும் சொல்லிவிடுவார். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது இடத்தில் அந்தப் பையனின் அம்மா மாத்திரையின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறார்.

சாம்பார் நல்லா இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது? புடவை நல்லா இருக்கான்னு கேட்டா?

இதற்குப் போய் 292ஐ எடுக்க வேண்டாம். கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில் கட்டிக்கொண்டு வந்து நின்று கேட்கிறவர் தீர்ப்புக் கேட்கவில்லை, துணை கேட்கிறார். கடையில் விரித்து வைத்துக் கேட்கிறவர் உண்மையான கருத்தைக் கேட்கிறார். அங்கே மழுப்பினால் நாலாயிரம் ரூபாய் அவருக்குத்தான் நட்டம்.

சாம்பாரில் உப்புக் கூடினால் ‘உப்பு ஒரு கல் கூடிருச்சு, பருப்பு நல்லா குழைஞ்சிருக்கு’ என்று சொல்லலாம். இரண்டுமே உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதையும் முகத்துக்கு நேரா பட்டுன்னு சொல்லிருவேன், மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டேன். அது தப்பா?

291ஐ மறுபடி படியுங்கள். தீமை இல்லாததைத்தான் வாய்மை என்கிறார். நடந்ததையே சொன்னாலும், அது ஒருவரைப் புண்படுத்தவே சொல்லப்பட்டால் பொய்யின் பக்கம்தான் போய்ச் சேரும் என்பது பரிமேலழகரின் கருத்து. பழம் இருக்கும்போது காயைப் பறிப்பது போல என்கிறது நூறாவது குறள்.

ஆனால் இனிமையாகப் பேசுகிறேன் என்று வாயை மூடிக்கொள்வதும் வாய்மை ஆகாது. சிரித்துப் பேச மட்டும் இல்லை நட்பு, எல்லை மீறும்போது முன்னால் போய் இடித்துச் சொல்லவும்தான் என்கிறது 784. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நண்பனின் குடியை அவனிடம் தனியாகச் சொன்னால் இடித்துரைத்தல். அவன் மாமனார் வீட்டு விருந்தில் சொன்னால் அவமானம். சொன்ன செய்தி ஒன்றுதான். பட்டென்று சொல்வதைப் பெருமையாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்களைப் பற்றிய உண்மையை அதே வேகத்தில் சொல்ல அவர்களில் பலருக்கு வருவதில்லை.

அம்மாவுக்கு கேன்சர்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லலாமா, மறைக்கலாமா?

இந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது தனியாக வந்து கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் நடைமுறை தெரியும். ஃபைல் மகன் கையில் இருக்கும். அம்மாவிடம் ‘வயித்துல புண்ணு’, ‘சின்னக் கட்டி’ என்று சொல்வார்கள். அடையாறு என்ற பெயரைக் கேட்டாலே புரிந்துவிடும் என்று, போகிற மருத்துவமனையின் பெயரைக்கூட மாற்றிச் சொல்வார்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் நோயின் கடுமையை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் காட்டவும் கூடாது என்கின்றன. நோயாளியோ உறவினரோ பொறுப்பான நண்பரோ நிலைமையை அறிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த ‘நோயாளியோ உறவினரோ’ என்ற இடைவெளியில்தான் நாம் நுழைந்துகொள்கிறோம்.

என் அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நாங்கள் மூன்று பிள்ளைகளும் கூடிப் பேசி, அல்சர் என்று சொல்லிவிட்டோம். அம்மா ஒவ்வொரு மாத்திரையையும் கையில் வைத்து ‘இது எதுக்கு?’ என்பார். நாங்கள் ஆளுக்கொரு பதில் சொல்வோம். மூன்றாவது மாதத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ‘சமாதானமாயிட்டாங்க’ என்று தம்பி சொன்னான். அம்மாவுக்கும் தென்காசியில் இருந்த சித்திக்கும் வீட்டுப் பாகப்பிரிவினையில் மனத்தாங்கல் வந்து பத்தொன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை. சித்தியை வரச்சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. திடீரென்று சித்தி வந்து நின்றால் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிடும் என்பதால் கூப்பிடவில்லை. சித்தி வந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தார்.

அன்று 292ஐ மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் பொய் சொன்னேன். இன்று பார்த்தால், அம்மா அழுவதை எங்களால் பார்க்க முடியாது என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அதுதான் நான் மேலே சொன்ன புரை. அதனால் கேட்பவர்களிடம் இப்படிச் சொல்கிறேன்: எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். அவர் கேட்கிற அளவுக்குச் சொல்லுங்கள், கேட்கும்போது பொய் சொல்லாதீர்கள். ‘எனக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், நீங்களே பாத்துக்கங்க’ என்று அவரே சொன்னால் அது அவருடைய முடிவு, அதை மதியுங்கள். அவருக்குப் பதிலாக நீங்கள் அந்த முடிவை எடுக்காதீர்கள்.

பையன் வாயத் தொறந்தா பொய். அடிச்சாதானே திருந்துவான்?

அடித்தால் பொருந்தப் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். பொய்யைவிட உண்மைக்கு அதிகமாக அடி விழுகிற வீட்டில் எந்தப் பிள்ளையும் உண்மை பேசாது. காந்தி பதினைந்து வயதில் அண்ணன் கைக்காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடிவிட்டு, குற்றத்தை ஒரு தாளில் எழுதிப் படுக்கையில் இருந்த அப்பாவிடம் நீட்டினார். அப்பா படித்துக் கண்ணீர் விட்டார், தாளைக் கிழித்துப் போட்டார், திட்டவில்லை. அதற்குமேல் அவருக்குத் தண்டனை தேவைப்படவில்லை.

இன்னொன்று. கடன்காரர் வந்து கதவைத் தட்டும்போது ‘அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு’ என்று அனுப்பியது யார்? பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லச் சொன்னது யார்? பையனுக்குப் பாடம் அங்கேதான் நடந்தது.

வியாபாரத்துல பொய் இல்லாம முடியுமா? நீங்க கடை வச்சுப் பாத்தாத் தெரியும்.

கடை வைத்ததில்லை. அதனால் வகுப்புக்கு வரும் ஒரு வத்தல் மண்டிக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. “‘இந்த விலைக்குக் கட்டாதுங்க’ன்னு நான் சொல்வேன். ‘பக்கத்துக் கடையில கம்மி’ன்னு அவர் சொல்வார். ரெண்டு பேருக்கும் தெரியும், அது பேரம். ஆனா எடையிலயும் சரக்கிலயும் கை வைக்கமாட்டேன். போன வருசத்து வத்தலை இந்த வருசத்து வத்தல்னு சொல்லமாட்டேன்.”

கோடு அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்து ஆடுகிற ஆட்டம் ஒன்று. ஒரு பக்கத்துக்குத் தெரியவே முடியாதது இன்னொன்று. வாங்குபவரால் தராசைச் சோதிக்க முடியாது. அதனால்தான் அரசு முத்திரை குத்துகிறது, 2009இல் எடையளவுக்கென்று தனிச் சட்டமே வந்தது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகர்க்கு வாணிகம் என்கிறது 120ஆம் குறள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பதைக் கடைத்தெரு நன்றாகவே அறியும்.

கேட்டாத்தானே சொல்லணும்? சும்மா இருந்தா அது பொய்யா?

சில இடங்களில் இல்லை, சில இடங்களில் ஆம். என் சம்பளத்தைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லாமல் இருப்பது பொய் இல்லை. அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. வீடு விற்கும்போது மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் என்பதைச் சொல்லாமல் இருப்பது பொய்தான். எதிராளி நம் பேச்சை வைத்து முடிவெடுக்கிற இடத்தில் மௌனமும் பேச்சுதான்.

அடிக்கடி வரும் உதாரணம் ஆயுள் காப்பீட்டுப் படிவம். ‘சுகர் இருக்குன்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறிரும்’ என்று ஏஜென்ட் சொல்வதாகப் பலரும் சொல்கிறார்கள். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 45ஆம் பிரிவு இருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பின் அதன்படி, பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் முக்கியமான செய்தியை மறைத்தது தெரிந்தால் நிறுவனம் அதைக் கேள்விக்கு உள்ளாக்கலாம். மூன்று ஆண்டுக்குப் பின் முடியாது. ‘அப்ப மூணு வருசம் தாண்டினாச் சரிதானே?’ என்று ஒருவர் கேட்டார். அந்த மூன்று ஆண்டுக்குள் அவருக்கு ஏதாவது ஆனால், கையில் காகிதத்தோடு அலையப் போவது அவர் மனைவி. பொய் சொன்னவருக்கு அப்போது எந்தக் கஷ்டமும் இருக்காது.

ஆபீஸ்ல மேலதிகாரியே பொய் சொல்லச் சொன்னா?

வேலை போகும் பயத்தில் இருப்பவரிடம் வீரம் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் பொய் சொல்வதற்கும் எல்லாம் சொல்வதற்கும் நடுவில் இடம் இருக்கிறது. ‘வேலை முடிஞ்சிருச்சு’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லச் சொன்னால், ‘புதன்கிழமை கொடுத்துடறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மேலதிகாரிக்கு வேண்டியது அந்த இரண்டு நாள்தான். உங்கள் கையெழுத்தில் பொய் கேட்டால் மட்டும் நகர இடமில்லை. அங்கே மறுத்துவிட வேண்டும். கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கொலைகாரன் துரத்திட்டு வந்து “அவன் எங்க?”ன்னு கேட்டா, அப்பவும் உண்மைதான் சொல்லணுமா?

உலகம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், அப்போதும் பொய் சொல்ல உரிமை இல்லை என்றார். பிரான்சின் அரசியல் சிந்தனையாளர் கான்ஸ்தான், உண்மையைக் கேட்கும் உரிமையே கொலைகாரனுக்கு இல்லை என்று சொல்லியிருந்ததற்குப் பதிலாக எழுதியது அது. ஒரு பொய்யை அனுமதித்தால் எல்லாச் சொல்லின் நம்பிக்கையும் அடியோடு போகும் என்பது கான்ட்டின் வாதம்.

மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் இதே நிகழ்ச்சிக்கு எதிர்ப் பதில் இருக்கிறது. உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகர் என்ற தவசியிடம், ஓடி ஒளிந்தவர்கள் எங்கே என்று கொள்ளையர்கள் கேட்கிறார்கள். அவர் காட்டிக்கொடுக்கிறார், அவர்கள் கொல்லப்படுகிறார்கள். அந்த உண்மைக்காக அவர் நரகம் போனார் என்று கண்ணன் அர்ச்சுனனிடம் சொல்கிறான். வள்ளுவர் நிற்பது கண்ணன் பக்கம். கொல்லாமை முதலில், அதற்கு அடுத்துத்தான் பொய்யாமை என்று 323ஆம் குறளில் வரிசையே போட்டுக் கொடுத்திருக்கிறார். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் கான்ட்டின் கண்டிப்பைப் படித்த பிறகு சின்னப் பொய்களில் என் கை நடுங்கத் தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

தருமர் சொன்னது பொய்யா, உண்மையா? “அசுவத்தாமன்” செத்தது நிஜம்தானே?

செத்தது யானை. துரோணர் நினைத்தது மகனை. யானை என்ற சொல் அவர் காதில் விழாதபடி சொன்னார் தருமர். அதுவரை தரையைத் தொடாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்கிறது கதை. சொல் சரியாக இருந்தும் தேர் இறங்கியது. ‘நான் பொய் சொல்லவே இல்லையே, நீதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட’ என்று வீட்டில் வாதாடும்போது அந்தத் தேரை நினைத்துக்கொள்ளலாம்.

மத்த மதங்கள்ல இதுக்கு என்ன சொல்றாங்க?

சுருக்கமாக: சண்டையிட்ட இருவரைச் சேர்த்துவைக்க நல்லதாகச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்று நபிமொழி உண்டு. கிறிஸ்தவத்தில் புனித அகஸ்தீன் எந்தப் பொய்யும் கூடாது என்ற பக்கம். பௌத்தத்தின் பாலி நூல்களில், தாம் எதைப் பேசுவார் என்று புத்தர் அபய இளவரசனுக்கு விளக்கும் இடம் ஒன்று வருகிறது. உண்மையும் பயனும் உள்ளதை, கேட்பவருக்குப் பிடிக்காவிட்டாலும், காலம் அறிந்து பேசுவார். ‘பொய்தான், ஆனால் பயனுள்ளது’ என்ற வகையே அந்தப் பட்டியலில் இல்லை. 292ஆம் குறளோடு இதை வைத்துப் பார்க்கும்போது இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியும்.

பத்து வருசத்துக்கு முன்னாடி சொன்ன பொய்யை இப்பப் போய்ச் சொல்லணுமா?

அந்தப் பொய்யை நம்பி அவர் இன்னும் முடிவுகள் எடுத்துக்கொண்டிருந்தால் சொல்ல வேண்டும். சொத்து, கடன், பிள்ளை, உடம்பு சம்பந்தப்பட்டது எல்லாம் இதில் வரும். அப்படி எதுவும் இல்லை, என் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைக்கத்தான் சொல்லப்போகிறேன் என்றால், மறுபடி 291. தீமை இலாத சொலல். இது கடினமான கேள்வி. ஒவ்வொரு ஆளுக்கும் வேறு பதில் வரலாம்.

டீச்சர், நீங்க உங்க அம்மாகிட்ட சொன்ன பொய்யை அப்புறம் யார்கிட்டயாவது சொன்னீங்களா?

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். அன்று பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் தென்காசிக்குப் போனேன். சித்திக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. காலையில் தெரிந்து சாயங்காலம் போய்விட்டார் என்றுதான் நாங்கள் சித்தியிடம் சொல்லி வைத்திருந்தோம். ஏழு மாதம் முன்னாடியே தெரியும் சித்தி, கூப்பிடாமல் இருந்தது நாங்கள்தான் என்றேன்.

சித்தி எதுவும் திட்டவில்லை. எந்த மாசம் தெரிஞ்சுது என்று மட்டும் கேட்டார். ஆடி என்றேன். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். மாசியில் வந்து நிறுத்தினார். பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கறுப்பு வெள்ளையில் அம்மாவும் அவரும் ரெட்டைச் சடையோடு நிற்கும் படம் ஒன்றை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.